பகலில் காலி, ராத்திரியில் வகுப்பு: வேலூர் மாவட்ட எழுத்தறிவு மையம் ஒன்றை அரசு மேற்பார்த்த கதை

வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். பீடி சுற்றும் குடும்பங்கள் அதிகம். அங்கே உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 2023-24ஆம் ஆண்டு வயது வந்தோருக்கான எழுத்தறிவு மையம் ஒன்று நடந்தது. அதை அரசு எப்படி மேற்பார்த்தது, எதைக் கண்டுபிடித்தது, எது அதன் கண்ணில் படாமல் போனது என்பதுதான் இந்த ஆய்வு. ஊர், ஆட்கள், ஒன்றியம் எதன் பெயரையும் எழுதவில்லை.

மையத்தை நடத்திய தன்னார்வலர் எனக்கு உறவுப் பெண். அதனால் பதிவேடு, வாட்ஸ்அப் செய்திகள், வகுப்பு மூன்றையும் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. 1980களில் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் வயது வந்தோர் கல்வி மேற்பார்வையாளராக வேலை பார்த்தவன் நான். அந்தப் பழைய கண்ணாடியும் மூக்கின் மேல் இருக்கத்தான் செய்யும்.

திட்டமும் அதிகார வரிசையும்

இந்த மையம் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் நடந்தது. 2022 முதல் 2027 வரைக்கான திட்டம் அது. மொத்த மதிப்பீடு 1,037.90 கோடி ரூபாய். அதில் 700 கோடி ஒன்றிய அரசின் பங்கு, மீதி மாநிலங்களுடையது. 15 வயதைத் தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாத எவரும் சேரலாம். சொல்லிக் கொடுப்பவருக்குச் சம்பளமோ மதிப்பூதியமோ கிடையாது. 2022-23க்குத் தமிழ்நாட்டின் இலக்கு 4.80 லட்சம் பேர்.

பணத்தில் பெரும்பங்கும் வரைமுறையும் டெல்லியிலிருந்து வருகின்றன. நடத்துவதும் பார்வையிடுவதும் கணக்குச் சொல்வதும் மாநிலத்தின் வேலை. சென்னையில், இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாறியிருக்கும் பழைய டி.பி.ஐ. வளாகத்தில், பள்ளிசாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் இருக்கிறது. அங்கிருந்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், அப்புறம் வட்டாரக் கல்வி அலுவலர், வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர், பள்ளித் தலைமையாசிரியர், கடைசியில் தன்னார்வலர். மேலிருந்து இலக்கு இறங்கும், கீழிருந்து எண்ணிக்கை ஏறும்.

இந்த வரிசையில் ஊராட்சி ஒன்றிய அளவிலும் அதற்குக் கீழும் இருக்கும் எவருக்கும் வயது வந்தோர் கல்வி முதல் வேலை இல்லை. ஆசிரியர் பயிற்றுநர் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைப் பார்க்க வேண்டும், பயிற்சி நடத்த வேண்டும், பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். தலைமையாசிரியருக்குக் காலைச் சிற்றுண்டி முதல் சத்துணவு வரை கணக்கு. மிச்சம் இருக்கும் நேரத்தில்தான் எழுத்தறிவு மையம்.

பட்டியல் தயாரான விதம்

மையத்துக்கு இருபது பேர் வேண்டும் என்றார்கள். பிள்ளைகளின் படிவங்களில் கைநாட்டு வைத்த பெற்றோர் யார் என்று பள்ளியில் பார்த்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் ரேகை வைப்பவர்களின் பெயர் சில கிடைத்தது. நல்ல வழிதான். ஆனால் இரண்டே நாளில் பட்டியல் கேட்டதால், கடைசிப் பெயர்கள் கைக்கு எட்டியவர்களைக் கொண்டு நிரம்பின.

முதல் வாரத்திலேயே தன்னார்வலருக்கு நிலவரம் தெரிந்துவிட்டது. இருபதில் ஆறு பேர் நாலாவது, அஞ்சாவது வரை படித்தவர்கள். தட்டுத்தடுமாறியாவது தினசரிப் பத்திரிகை படிப்பார்கள். நாலு பேர் ஊரிலேயே இல்லை, பெங்களூரில் கட்டட வேலை. உண்மையிலேயே எழுத்து தெரியாதவர்கள் பத்துப் பேர், அத்தனை பேரும் பெண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் நாலு வீட்டில் பேச்சு தெலுங்கு. வெளியே தமிழ் நன்றாகவே பேசுவார்கள். எழுத்துக்கூட்டும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல் நாள் பிடித்தது.

"இதை மாத்திடலாமா சார்?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறாள். "ஏத்தியாச்சும்மா. இனிமே கை வைக்க முடியாது" என்று பதில் வந்திருக்கிறது.

ஆக, முதல் கோளாறு வகுப்பு தொடங்கும் முன்பே நடந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்தப் பார்வையும் பட்டியலைத் தொடவே இல்லை. யார் வந்தாலும் இருபதில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்களே தவிர, இந்த இருபதும் யார் என்று கேட்கவில்லை.

வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு

பதிவேட்டில் வகுப்பு நேரம் மாலை மூன்றரையிலிருந்து ஐந்து. பள்ளிக்கூடம் திறந்திருக்க வேண்டும், பார்வைக்கு வருகிறவர் இருட்டுமுன் ஊர் திரும்ப வேண்டும். இந்த இரண்டையும் வைத்து முடிவான நேரம் அது.

பீடி சுற்றுகிறவர்களுக்கு அந்த நேரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் சிரிப்பு வரும். காலையில் இலையை நனைத்து, வெட்டி, முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் சுற்றி, நூல் கட்டி, கட்டு கட்டி ஒப்படைக்க வேண்டும். ஒரு கட்டுக்கு 25 பீடி, நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்குத்தான் கூலி. மூன்றரை மணிக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் அன்றைய ஆயிரம் நிறையாது.

அதனால் மூன்றரை மணி வகுப்புக்குப் பத்து நாள் வந்தார்கள், அப்புறம் நின்றுவிட்டார்கள். உறவுப் பெண் அவர்களைத் தேடிப் போனாள். ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பாடு முடித்து, ஒரு வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து அடுத்த நாளைக்கு இலை நறுக்குவார்கள். வகுப்பு அங்கே ஆரம்பித்தது. ஒருத்தி நறுக்குவாள், ஒருத்தி படிப்பாள், கொஞ்ச நேரத்தில் மாறிக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் மட்டும் மூன்றரை மணி வருகை தொடர்ந்து விழுந்தது. விழவில்லை என்றால் கேள்வி வரும்.

இந்த நிலையில் ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் பார்வைக்கு வந்த அலுவலர், நாலு மணிக்குக் காலியான வகுப்பறையைப் பார்த்துவிட்டு, மையம் செயல்படவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டார்கள். அன்றைக்கு ராத்திரியும் திண்ணையில் எட்டுப் பேர் 'க' வரிசை எழுதினார்கள். நடக்காத வகுப்புக்கு வருகை விழுந்துகொண்டிருந்தது, நடந்த வகுப்பு நடக்கவில்லை என்று அறிக்கை போனது. ஒரே மேற்பார்வை ஒரே மையத்தில் இரண்டு பக்கமும் தவறியது. முன்னறிவிப்பில்லாமல் வந்த அந்த அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன், அப்படித்தான் வர வேண்டும். அவர் கையிலிருந்த தாளில் இருந்த நேரம்தான் தப்பு.

முன்பு எப்படி இருந்தது

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இந்த மாவட்டம் மூன்று வகை மேற்பார்வையைப் பார்த்திருக்கிறது.

முதலாவது, 1978 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம். 15 முதல் 35 வயதுக்குள் 10 கோடிப் பேருக்கு ஐந்தே ஆண்டில் எழுத்தறிவு தருவதாகக் கணக்கு. ஒரு மையத்துக்கு 30 பேர். சொல்லிக் கொடுப்பவருக்கு ஆரம்பத்தில் மாதம் 50 ரூபாய். 30 மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர், 300 மையத்துக்கு ஒரு திட்ட அலுவலர். நான் அந்த 30 மையத்துக்காரர்களில் ஒருவன். வேறு வேலை எனக்குக் கிடையாது, அதுதான் அந்த அமைப்பின் பலம். மையங்கள் ராத்திரிதான் நடக்கும், நாங்களும் ராத்திரிதான் போவோம். சைக்கிளில் போய், அந்த ஊரிலேயே படுத்து, காலை முதல் பஸ்ஸில் அடுத்த ஊர்.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நாங்கள் எழுதிய அறிக்கையில் பாதி மண்ணெண்ணெய்க் கணக்கு. விளக்குக்குக் கொடுத்த எண்ணெய் எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் எரிந்தது என்று வகுத்துப் பார்த்து வகுப்பு நடந்த நாட்களைக் கண்டுபிடிக்கலாம் என்பது மேலே இருந்த ஒருவரின் யோசனை. எண்ணெய் அடுப்புக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். யார் எவ்வளவு கற்றார்கள் என்று கேட்கும் பத்தி அந்தப் படிவத்தில் இரண்டு வரிதான் இருந்தது.

இரண்டாவது அறிவொளி, மாவட்டம் மாவட்டமாக நடந்த முழு எழுத்தறிவு இயக்கம். 1988 மே 5ஆம் தேதி தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்று வழி காட்டியது, தமிழ்நாட்டில் புதுக்கோட்டை அதைப் பிடித்துக்கொண்டது. 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்து போன பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வாங்கியிருந்த எங்கள் மாவட்டத்துக்கும் அறிவொளி வந்தது. மேற்பார்வை துறையின் கையை விட்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் கைக்குப் போனது. கலெக்டரே ராத்திரியில் தெருவில் உட்கார்ந்து ஒரு பாட்டியைப் படிக்கச் சொல்வார் என்றால், கீழே இருப்பவர்கள் வீட்டில் தூங்க முடியுமா?

கற்றதை அளக்கவும் அப்போது தெளிவான அளவுகோல் இருந்தது. எளிய பத்தி ஒன்றை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும், பார்த்து எழுதுவது நிமிடத்துக்கு 7 சொல், சொல்லக் கேட்டு எழுதுவது 5 சொல். அதிகம் என்று அப்போது தோன்றியது. ஆனால் எதை எதிர்பார்க்கிறோம் என்று கற்பவருக்கும் தெரிந்தது, பார்க்க வந்தவருக்கும் தெரிந்தது. குறை என்னவென்றால், எல்லாமே ஓர் அதிகாரியின் ஆர்வத்தில் தொங்கியது. அவர் மாற்றலாகிப் போனால் குழுக் கூட்டம் தள்ளிப்போகும், மூன்றாவது முறை தள்ளிப்போனபோது கூட்டம் இருந்ததே மறந்துபோகும்.

மூன்றாவது வகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை: மேற்பார்வை இல்லாமையே ஒரு வகை. 2009 செப்டம்பர் 8ஆம் தேதி வந்த சாக்ஷர் பாரத் என்ற ஒன்றிய அரசின் எழுத்தறிவுத் திட்டம், 2001 கணக்கெடுப்பில் பெண்களின் எழுத்தறிவு 50 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த மாவட்டங்களைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டது. வேலூர் அந்த வரம்புக்கு மேலே நின்றது, எனவே வெளியே நின்றது. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட எழுத்தறிவு 79.17 சதவீதம், ஆண்கள் 86.50, பெண்கள் 71.95. சராசரி பார்க்க நன்றாக இருக்கிறது. அதற்குள் ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைத் தெருக்களும், அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளும் மறைந்துகிடந்தன. 2020-21இல் 'கற்போம் எழுதுவோம்' என்ற எழுத்தறிவுத் திட்டம் வரும்வரை ஏறத்தாழ பத்தாண்டு இங்கே கேட்பார் இல்லை. இந்தக் கிராமத்தின் பத்துப் பெண்களில் பெரும்பாலோர் முப்பதுகளில் இருந்த வயது அது. கற்பிக்கச் சுலபமான வயது.

ஆசிரியர் பயிற்றுநர் செய்தது

மையம் செயல்படவில்லை என்ற குறிப்புக்கு விளக்கம் வாங்க ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். இளவயதுப் பெண். தலைமையாசிரியர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். விளக்கக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் இரண்டு நாள் கழித்து, கணவரின் பைக்கில் ராத்திரி எட்டே கால் மணிக்குத் திண்ணைக்கு வந்தார்.

வந்தவர் பாடப் புத்தகத்தைக் கேட்கவில்லை. ஒரு அம்மாவின் பீடிக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டார். ஒப்படைத்த பீடியையும், அதில் கழித்துக்கொண்ட கழிவையும் பீடி வாங்குபவர் குறித்துக் கொடுக்கும் புத்தகம் அது.

"இன்னைக்கு இதுல என்னம்மா எழுதியிருக்கு? படிங்க பார்க்கலாம்."

"நம்பர் எல்லாம் தெரியும் டீச்சரம்மா. அந்தாண்ட கழிவுன்னு ஒண்ணு போட்டிருக்கான் பாரு, அது எப்படி வந்துச்சின்னுதான் தெரியல."

அந்த அம்மாவுக்கு மனக்கணக்கு அபாரம். நாலு கட்டு நூறு, எட்டுக் கட்டு இருநூறு என்று விரல் மடக்காமல் சொன்னார். ஆனால் எழுதி வைத்த கழித்தலைப் படிக்கத் தெரியவில்லை. எட்டுப் பேரும் தங்கள் பெயரை அழகாக எழுதினார்கள், பக்கத்தில் இருப்பவர் பெயரை எழுதச் சொன்னபோது ஐந்து பேர் முழித்தார்கள். கையெழுத்து ஓவியமாகப் பதிந்திருக்கிறது, எழுத்தாகப் பதியவில்லை. கைநாட்டை ஒழித்தோம் என்று சொல்ல அந்த ஓவியம் போதும். அரை மணி நேரத்தில் அவர் கண்டுபிடித்த இந்த இரண்டு விஷயம் ஆறு மாதப் பதிவேட்டில் எங்கும் இல்லை.

அதற்குப் பிறகு பாடம் மாறியது. கணக்குப் புத்தகத்தின் கழிவுப் பத்தியில் கழித்தல் கற்றார்கள். சக பெண்களின் பெயர்கள், பஸ் பலகையில் வரும் ஊர்ப் பெயர்கள் வாசிப்புப் பாடமாயின. பேரணாம்பட்டு என்ற பெயரை முதலில் படித்தவருக்குக் கைதட்டல்.

நேரத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு. "ராத்திரி எட்டு மணிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைத்தானே சார் கேப்பாங்க?" என்று தலைமையாசிரியர் என்னிடமே சொன்னார். நியாயமான பயம். பெண்கள் பள்ளிக்கு வர வேண்டாம், பக்கத்திலேயே இருக்கும் மகளிர் குழுக் கட்டடத்தில் நடக்கட்டும் என்று பயிற்றுநர் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலரிடம் ஒப்புதல் வாங்கினார். பார்வையிட்டதற்கு ஆதாரமாக அவர் அனுப்பிய படம் இருட்டாக இருக்கிறது, பகலில் எடுத்து அனுப்பவும் என்று மேலிருந்து செய்தி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்களை வரிசையாக உட்கார வைத்து, கையில் புத்தகம் கொடுத்து, படம் எடுத்து அனுப்பினார்கள். அது உடனே ஏற்கப்பட்டது.

தேர்வும் எண்ணிக்கையும்

மாசி மாதம் அங்காளம்மன் கோயில் திருவிழாவான மயானக் கொள்ளை சமயத்தில் இரண்டு வாரம் வகுப்பு படுத்துவிட்டது. எங்கள் பக்கம் அதை யாராலும் தடுக்க முடியாது. அதற்கடுத்துத் தேர்வு.

அடிப்படை எழுத்தறிவுத் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு: வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு ஒவ்வொன்றும் 50. ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. மூன்று மணி நேரத் தேர்வு. காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வந்து எழுதலாம். இந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுவேன். சமையல் முடித்து வந்தவர்களும் உண்டு, கறிக்கடை மூடிவிட்டு வந்தவரும் உண்டு. எட்டாதவர்களுக்குத் தோல்வி என்று போடாமல் முன்னேற்றம் தேவை என்று எழுதுவதும் நல்லது.

இருபதில் பதினேழு பேர் எழுதினார்கள். ஏற்கெனவே படிக்கத் தெரிந்த ஆறு பேர், விடுமுறைக்கு ஊர் வந்த பெங்களூர்க்காரர் ஒருவர், உண்மையாகக் கற்ற பத்துப் பேர். பதினைந்து பேர் தேர்ச்சி, இரண்டு பேருக்கு முன்னேற்றம் தேவை. அந்த இரண்டு பேரும் பத்தில் இருந்தவர்கள். மாவட்டத்துக்குப் போன கணக்கு 20, 17, 15. கண்ணுக்கு அழகான வரிசை.

தன்னார்வலரின் கணக்கு வேறு. தேறிய பதினைந்தில் ஆறு பேர் மையத்தால் தேறவில்லை. பெங்களூர்க்காரர் வகுப்புக்கே வராதவர். மீதி எட்டில் மூன்று பேருக்குப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தவர்கள் உண்டு. புதிதாக எழுதப் படிக்கக் கற்று, தன் கணக்குப் புத்தகத்தைத் தானே படிக்கும் நிலைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து என்பது சின்ன எண் இல்லை. சம்பளமில்லாத ஒரு பெண், ஒரு வருடத்தில், ராத்திரி எட்டு மணிக்கு மேல் சாதித்தது அது. வருத்தம் என்னவென்றால் அந்த ஐந்தைக் காட்டும் இடம் அறிக்கையில் இல்லை. 15 என்று சொன்னால் 5 மறைந்துவிடும். அடுத்த ஊரில் ஒருவருமே கற்காமல் 15 என்று எழுதியிருந்தாலும் இரண்டு மையமும் மாவட்டப் பட்டியலில் ஒரே இடத்தில் நிற்கும்.

சேரும்போதே ஒரு சின்ன சோதனை வைத்து அதைப் பதிந்திருந்தால் போதும். ஐந்து வரி வாசிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் பெயர், ஒரு கழித்தல். கடைசித் தேர்வோடு ஒப்பிட்டால் யார் எங்கிருந்து எங்கே வந்தார் என்று தெரிந்துவிடும், படிக்கத் தெரிந்தவர்கள் வடிகட்டப்படுவார்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆனால் 4.80 லட்சம் போன்ற இலக்கைப் பட்டியலிட்டு நிரப்புவது அவ்வளவு சுலபமாக இருக்காது. அதனால்தான் யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஒன்றியத்துக்கு ஒருவரையாவது, வேறு வேலை சுமத்தாமல், ராத்திரியில் போகப் பயணப்படி கொடுத்து நியமிக்கலாம். பழைய முப்பது மையத்துக்காரர்களின் குறைகள் எல்லாம் எனக்குத் தெரிந்தும் இதைச் சொல்கிறேன். தேறியவர்களை ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பதும் அவர் வேலையாக இருக்கட்டும். இப்போது சான்றிதழ் கொடுத்த அன்றோடு அரசின் பார்வை முடிந்துவிடுகிறது.

அந்த ஆசிரியர் பயிற்றுநர் கலந்தாய்வில் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டார். வகுப்பு நேரம் எட்டு மணி என்று அவர் வாங்கிய ஒப்புதல் அந்த ஆண்டுக் கோப்போடு கட்டி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுப் பதிவேட்டில் நேரம் மறுபடி மூன்றரை. புதுப் பட்டியலிலும் இருபது பெயர். அதில் தேர்ச்சி பெற்ற மூன்று பெண்கள் திரும்ப இருக்கிறார்கள், கணவர் பெயர் இருந்த இடத்தில் அப்பா பெயரோடு.